ஒன்பதில் முடியும் எண்

லண்டனில் ஏதோ ஓர் அலுவலகத்தில்
யாருடைய தொப்பிக்குள்ளோ
பத்துச் சீட்டைப் போட்டுக் குலுக்கினார்களாம்.
ஒன்பது வந்தது.
என் பதிவெண்ணின் கடைசி இலக்கமும் அதுதான்.

விமானப்படைக்கு எழுதிப் போட்டிருந்தேன்.
பார்வைச் சோதனையில் தேறியிருந்தேன்.
குளிக்கும்போதுகூட மேகங்களின் பெயர்களை
ஒப்பித்துக்கொண்டிருந்த பதினெட்டு வயது.
கடிதத்தில் இருந்தது: டர்ஹாம். நிலக்கரிச் சுரங்கம்.
நான்கு வாரப் பயிற்சி.
தலைக்கவசமும் பூட்ஸும் கிடைக்கும்.
சீருடை பற்றி ஒரு வரியும் இல்லை.

கூண்டு இறங்கிய முதல் நாள்
வயிறு மேலேயே நின்றுகொண்டது,
நான் மட்டும் கீழே போய்ச் சேர்ந்தேன்.
"எச்சிலை விழுங்கு, காது திறக்கும்" என்றான் லயனல்,
போன மாதம்வரை வங்கியில் மை ஒற்றிக்கொண்டிருந்தவன்.
விழுங்க எச்சில் வேண்டுமே.

குண்டுவீச்சு இரவுகளில் எங்கள் தெருவில்
இருட்டு என்று சொன்னதெல்லாம் இருட்டே அல்ல.
ஒரு சிகரெட் முனை போதும், முழுத் தெருவும் தெரிந்துவிடும்.
இங்கே விளக்கை மூடினால்
கை இருக்கிறதா என்று
இன்னொரு கையால்தான் தேட வேண்டும்.

சனிக்கிழமை முகம் கழுவி, கோட்டு மாட்டி, பஸ் ஏறினேன்.
இமையோரத்துக் கரி எவ்வளவு தேய்த்தாலும் போகாது,
கண்ணுக்கு மை தீட்டினாற்போல் நிற்கும்.
எதிரில் ஒரு அம்மாள், மடியில் முட்டைக்கோஸ்.
"என் பையன் கடற்படையில் இருக்கிறான். நீ?"
அடுத்த நிறுத்தத்தில் இறங்கி
நான்கு மைல் நடந்தேன்.
நடுவழியில் ஒரு போலீஸ்காரர் காகிதம் கேட்டார்,
போன வாரம் கேட்ட அதே போலீஸ்காரர்.

அம்மா அண்டை வீட்டில்
ரகசியப் பணி என்று சொல்லி வைத்திருக்கிறாள்.
முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

பதினைந்து வயது கத்பர்ட்
சுரங்கக் கணக்கில் என்னைவிட ஓராண்டு மூத்தவன்.
அவன் பேசுவதும் இங்கிலீஷ்தான் என்று நம்ப
எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.
நான் வாயைத் திறந்தால், "ரேடியோ வந்தாச்சு" என்பான்.
அவன் அண்ணன் இத்தாலியில்.
சுரங்கத்திலிருந்து தப்பிக்கத்தான் பட்டாளத்தில் சேர்ந்தானாம்.
"இப்போது எழுதுகிறான், திரும்பி வந்தால் போதும்,
இந்தக் கொக்கியையே ஆயுசுக்கும் மாட்டுகிறேன் என்று.
அவன் இடத்தில் நீ இருக்கிறாய்.
உன் இடத்தில் அவன்."
சொல்லிவிட்டுத் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக்
குதிரைக்குக் கொடுத்தான்.

அந்த மட்டக்குதிரையின் பெயர் பிஷப்.
நான்கு தொட்டிவண்டி இழுக்கும்.
கொக்கி விழும் சத்தத்தைக் காதால் எண்ணும்:
டிக். டிக். டிக். டிக்.
மேற்பார்வையாளர் அவசரப்படுத்திய ஒரு புதன்கிழமை
ஐந்தாவதையும் மாட்டிப் பார்த்தேன்.
டிக்.
காதுகள் பின்னால் மடிந்தன.
தள்ளினேன், திட்டினேன், கெஞ்சினேன்.
மாட்டேன் என்றால் மாட்டேன்.

மாட்டேன் என்ற பையன்களும் உண்டு.
பயிற்சி விடுதியில் அடுத்த கட்டில், ரூபர்ட்.
காலையில் சாப்பிட வந்தான்,
மாலையில் கட்டில் சுருட்டிக் கிடந்தது.
சிறை என்றார்கள்.
அவன் விட்டுப்போன சோப்பை
வேறு யாரும் பார்ப்பதற்குள் நான் எடுத்துக்கொண்டேன்.
முக்கால் சோப்பு. ரேஷன் காலம்.

ஐந்தாவது கொக்கியைக் கழற்றினேன்,
கட்டைவிரல் நகம் அதில் போயிற்று.
பிஷப் நடக்கத் தொடங்கியது,
ஒன்றுமே நடவாதது போல.

விளக்கு அணைந்தால் அதன் வாலைப் பிடித்துக்கொள்,
வெளியே கொண்டுவந்து விட்டுவிடும் என்று
கத்பர்ட் சொல்லியிருந்தான்.

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.
பிடித்துக்கொண்டேன்.